மறுநாளுக்குத் தாங்காத மன்னா

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இந்த நாளை உலக நோயாளர் நாளாக 1992-இல் அறிவித்தார். 1993 முதல் திருஅவை முழுவதும் இதைக் கொண்டாடி வருகிறோம். நம் சேலம் மறைமாவட்டத்துப் பங்குகளிலும் இன்று நோயாளர்களுக்காகத் திருப்பலி நடக்கும், நோயில்பூசுதல் வழங்கப்படும். கோவிலுக்கு வர முடியாமல் கட்டிலில் படுத்தபடியே இந்த ஒலிபரப்பைக் கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள். இன்றைய சிந்தனை முதலில் உங்களுக்கு. அடுத்தது, உங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவர்களுக்கு.

விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் பசியால் முணுமுணுக்கிறார்கள். காலையில் பனி விலகியதும் தரையில் மெல்லியதாக ஏதோ படிந்து கிடக்கிறது. இது என்ன என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே மன்னா என்று அதற்குப் பெயராகிவிட்டது. அந்த உணவுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வெயில் ஏற ஏற உருகிப்போகும். நாளைக்கு ஆகட்டும் என்று யாராவது எடுத்து வைத்தால் மறுநாள் காலை புழு வைத்து நாற்றமெடுக்கும். எவ்வளவு கெட்டிக்காரக் குடும்பமானாலும் அதைப் பதுக்கி வைக்க வழியில்லை. அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்கே உண்ண வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்தின நாளுக்கு மட்டும் விதிவிலக்கு.

இந்தப் பகுதியைச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் நம் காலத்திலும் இப்படி ஒரு பொருள் இருக்கிறது, அதை நம்பி ஆயிரக்கணக்கான புற்றுநோயாளர்கள் ஒவ்வொரு நாள் காலையும் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு தாய் சொல்லித்தான் தெரிய வந்தது.

ராசிபுரம் பக்கம் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம். அந்த அம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எலும்பு ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். விடியற்காலை பஸ் ஏறி, திருச்செங்கோடு, ஈரோடு கடந்து வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்குப் போனார்கள். போனால், இன்றைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து அந்த அம்மா சொன்னது இதுதான்: “சாமி, மருந்து வரலைன்னு சொல்றாங்க. பணக்காரங்களுக்கு வந்திருக்கும். நமக்குத்தான் வரல.”

அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்யும் நம் மறைமாவட்டத்து இளைஞர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “இல்லீங்க ஃபாதர், நெசமாவே வரல” என்றார். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் அறிவியல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு முதலில் கையில் ஓர் ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அந்த ஊசியில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. எலும்பில் எங்கெல்லாம் நோய் வேலை செய்கிறதோ, அங்கெல்லாம் அது கூடுதலாகப் போய்ச் சேரும். பிறகு காமா கேமரா என்ற கருவியின் கீழே படுக்க வைத்தால் தலை முதல் கால் வரை எல்லா எலும்புகளும் ஒரே படத்தில் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே நோய் பரவிய இடம் இதில் தெரிந்துவிடுவதுண்டு. எலும்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இதயம், சிறுநீரகம், தைராய்டு என்று பல உறுப்புகளைப் பார்க்கவும் இதே பொருள்தான். உலகில் நடக்கும் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த ஒன்றை நம்பியே நடக்கின்றன.

இதன் ஆயுள்தான் பிரச்சினை. 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த 6 மணி நேரத்தில் அந்தப் பாதியிலும் பாதி. ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளியின் உடலுக்கு இது நல்லது. கதிரியக்கம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஆனால் மருத்துவமனை இதை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்க முடியாது.

அதனால் மருத்துவமனைகள் இதன் தாயை வாங்குகின்றன. மாலிப்டினம்-99 என்பது அதன் பெயர். அதன் ஆயுள் கொஞ்சம் நீளம், பாதியாகக் குறைய 66 மணி நேரம். ஈயக் கவசம் போட்ட ஒரு சின்னப் பெட்டிக்குள் மாலிப்டினம் இருக்கும். அது மெல்ல மெல்ல டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை உள்ளே செலுத்தினால் சுரந்திருக்கும் டெக்னீசியம் மட்டும் அதோடு சேர்ந்து வெளியே வரும். மறுநாள் காலைக்குள் மறுபடி சுரந்துவிடும். இந்தப் பெட்டிக்கு உலகெங்கும் அந்தத் துறையினர் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘பசு’. எடுப்பதைப் ‘பால் கறப்பது’ என்கிறார்கள்! ஆத்தூர், தலைவாசல் பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே வித்தியாசம், இந்தப் பசு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதனால் புதுப் பசு வந்துகொண்டே இருக்க வேண்டும். வழியில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும்.

அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் கடைசியில் இதை உருவாக்கியபோது, பெரிய சந்தை எதுவும் இருக்காது என்று கருதி அதற்குக் காப்புரிமைகூட எடுக்கவில்லை. கட்டுவோர் விலக்கிய கல் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். எனக்கும் வந்தது.

பெட்-ஸ்கேன் என்று இன்னொன்று உண்டு. அதற்கான மருந்தின் நிலை இன்னும் அவசரம். அதில் இருக்கும் ஃபுளோரின்-18 என்ற பொருள் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்து தயாராகும் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு 3 மணி நேர ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள், வந்து சேரும்போது ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நாமக்கல் முட்டை லாரி கேரளாவுக்குப் போய்ச் சேரத் தாமதமானால் முட்டை கொஞ்சம் பழசாகும், அவ்வளவுதான். பனிக்கட்டி ஏற்றிய லாரி வெயிலில் போவது போன்றது இது.

சரி, அந்தப் பசு எங்கிருந்து வருகிறது? ஆராய்ச்சி அணு உலைகளில் யுரேனியத்தைப் பிளந்து மாலிப்டினத்தை எடுக்கிறார்கள். ‘அணு உலை’ என்றதும் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்னால் அமர்ந்திருந்த நம் மக்களை நினைப்பீர்கள். நினைக்க வேண்டியதுதான். ஆனால் இவை மின்சாரம் எடுக்கும் உலைகள் அல்ல, அளவில் மிகச் சிறியவை. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் 1985-இல் இயங்கத் தொடங்கிய துருவா உலை மருத்துவத்துக்கான பொருள்களைத் தருகிறது. அதற்கு மூத்ததான சைரஸ் உலை 2010 டிசம்பர் 31-ஆம் நாளோடு மூடப்பட்டது. மாலிப்டினத்தில் கணிசமான பகுதிக்கு நாம் இன்னும் வெளிநாட்டை எதிர்பார்க்கிறோம். வெளிநாடு என்றால் எத்தனை இடம்? நெதர்லாந்து, பெல்ஜியம், போலந்து, செக் நாடு, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பல 1950, 60-களில் கட்டியவை. நம்மில் பலருடைய வயதைவிட மூத்த உலைகள்.

பழைய வீடு என்றால் ஒழுகத்தானே செய்யும். கனடாவில் சாக் ரிவர் என்ற இடத்தில் 1957 முதல் ஓர் உலை இயங்கி வந்தது. உலகத் தேவையில் பெரும்பங்கை அதுவும் நெதர்லாந்தின் பெட்டன் என்ற ஊரில் உள்ள உலையும்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. 2009 மே மாதம் கனடா உலையில் கனநீர் கசிந்தது. மூடினார்கள். மறுபடி திறக்க 2010 ஆகஸ்ட் ஆயிற்று. அந்த இடைவெளியிலேயே, 2010 பிப்ரவரியில், பெட்டன் உலையையும் பழுதுபார்க்க ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்த வேண்டி வந்தது. போதாக்குறைக்கு ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் பறக்கவில்லை. எங்கோ ஒரு மலை புகைந்தால் வேறெங்கோ ஒரு நோயாளிக்கு ஊசி இல்லாமல் போகிறது. 2020 மார்ச் மாதம் ஊரடங்கில் நம் வானம் மூடப்பட்டபோதும் இதே கதை. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் வரும். 2024 அக்டோபரில்கூட பெட்டன் உலையில் ஒரு குழாய் உருமாறியிருந்ததால் திட்டமிட்டபடி திறக்க முடியவில்லை. உலகமெங்கும் மறுபடி தட்டுப்பாடு என்று எச்சரித்தார்கள்.

இது இயற்கைப் பேரிடர் மாதிரி தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனடாவின் பழைய உலைக்குப் பதிலாக இரண்டு புதிய உலைகளைக் கட்டினார்கள், அவை சரிப்பட்டு வரவில்லை என்று 2008-இல் கைவிட்டார்கள். பழையது 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பல ஆண்டுகளாக இந்தப் பொருளை அடக்கவிலைக்கும் குறைவாக விற்றார்கள். உலைகளின் செலவை அரசுகள் ஏற்றுக்கொண்டிருந்தன. மலிவாகக் கிடைக்கும்வரை எல்லாரும் வாங்கினார்கள். புதிய உலைக்குப் பணம் போட ஆள் இல்லை. நம் ஊர் ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மண்வெட்டியோடு போய்க் கரையைக் கட்டுவார்கள், மதகைச் சரிசெய்வார்கள். அந்தப் பழக்கம் நின்றபின் ஏரிகள் என்ன ஆயின? ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரியைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவத்துக்கென்று ஓர் ஆராய்ச்சி உலையைத் தனியாரோடு சேர்ந்து அமைப்போம் என்று நம் ஒன்றிய அரசு 2020 மே மாதத்தில் அறிவித்தது. அந்த வேலை விரைவாக நடக்க வேண்டும் என்று கேட்பதும் நோயாளருக்கான மன்றாட்டில் சேரும் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஆறு அணுகுண்டுகள் செய்து வைத்திருந்தது. பிறகு தானே முன்வந்து அவற்றைப் பிரித்துப்போட்டது. குண்டுக்கென்று சேர்த்த யுரேனியத்தின் ஒரு பகுதி பெலிண்டாபாவில் உள்ள உலையில் மருத்துவத்துக்கான மாலிப்டினம் தயாரிக்கப் பயன்பட்டது. 2010 முதல், குண்டு செய்ய உதவாத குறைசெறிவு யுரேனியத்தைக் கொண்டே அங்கு பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். வாள்களைக் கலப்பைக் கொழுவாக அடிப்பார்கள் என்று எசாயா கண்ட காட்சி ஓர் ஊசியின் முனையில் நிறைவேறியிருக்கிறது.

இனி நம் ராசிபுரத்து அம்மாவிடம் வருவோம். மருந்து வரவில்லை என்பது உண்மை. பணக்காரருக்கு வந்திருக்கும் என்று அவர் சொன்னது அன்றைக்கு உண்மையில்லை. அன்றைக்கு அங்கே யாருக்குமே இல்லை. ஆனால் அவருடைய சந்தேகத்தை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். மருந்து குறைவாக வரும் நாள் ஒன்று உண்டு. முப்பது பேருக்கு வர வேண்டியது பத்துப் பேருக்கு வரும். அந்தப் பத்துப் பேர் யார்?

2009, 2010-இல் வெளிநாடுகளில் மருத்துவர்கள் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார்கள். யாருடைய சிகிச்சை இந்தப் படத்துக்காகக் காத்து நிற்கிறதோ அவருக்கு முதலிடம் என்று வரிசையை மாற்றினார்கள். அளவைக் குறைத்து ஊசி போட்டு, கேமராவின் கீழ் கூடுதல் நேரம் படுக்க வைத்தார்கள். பசு கறக்கும் நேரத்தில் வேலை செய்ய வேண்டுமே என்று இரவிலும் விடுமுறை நாளிலும் பிரிவைத் திறந்து வைத்தார்கள். இதயத்துக்குத் தாலியம் என்ற வேறு பொருளுக்கு மாறினார்கள். எலும்பை வேறு வகை ஸ்கேனில் பார்த்தார்கள். தங்கள் ஓய்வைக் கொடுத்து மற்றவர்களுக்குப் பங்கு கூட்டினார்கள் என்று சொல்லலாம்.

மன்னாவைப் பற்றிய பகுதியில் ஒரு வரி எப்போதும் என்னை நிறுத்திவிடும். அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவும் இல்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவும் இல்லை என்ற பொருளில் வரும் வரி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இதையே எடுத்தாளுகிறார். எதற்கு? எருசலேமில் வறுமையில் வாடிய இறைமக்களுக்குக் காணிக்கை திரட்டும்போது! பாலைநிலத்தில் கடவுள் தாமே அளந்து சமமாக்கினார். கொரிந்து நகரத்தில் அப்படி வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. அங்கே சமமாக்கும் வேலை விசுவாசிகளின் கையில் விடப்பட்டது. பவுல் அதைக் கட்டளையாகக்கூடச் சொல்லவில்லை; அவர்களுடைய அன்பு எவ்வளவு உண்மையானது என்று பார்க்கிறேன் என்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. “ஃபாதர், ஒரு லெட்டர் குடுங்க. அங்க இருக்கிற சிஸ்டருக்கு ஒரு போன் போடுங்க. நம்மள முன்னாடி எடுத்துக்குவாங்க” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. தன் தாய்க்கோ பிள்ளைக்கோ கேட்கிறார்கள். வழி தெரியாதவருக்கு வழிகாட்ட எந்தக் கடிதமும் எழுதுவேன். ஏழை, கட்டணம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு எழுதுவேன். பத்துப் பேருக்கு மட்டும் மருந்து இருக்கிற நாளில் பதினோராவது ஆளைப் பத்துக்குள் நுழைக்க எழுத மாட்டேன். ஏனென்றால் அங்கிருந்து வெளியே தள்ளப்படுகிறவர் பெரும்பாலும் சிபாரிசு இல்லாதவர். அவருக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

சிபாரிசே இல்லாவிட்டாலும் அநியாயம் நடக்கும், அது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. மருந்து திடீரென்று வரும். நாளைக் காலை ஏழு மணிக்கு வர முடியுமா என்று போனில் கேட்பார்கள். நகரத்தில் இருப்பவர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருப்பவர் எப்படிப் போவார்? பதிவேட்டில் கொடுத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரர் எண். அவர் வயலுக்குப் போயிருப்பார். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள் மணிக்கணக்கில் குறைந்துகொண்டிருக்கிறதே.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பியவர்கள் மறுதடவை போவதில்லை. இரண்டு பேருக்குப் பஸ் காசு, இரண்டு பேருக்கு ஒரு நாள் தறிக் கூலி. திரும்பி வரும்போது மனத்தில் ஒரு கசப்பு. அந்த நேரம் பார்த்து யாராவது, ஸ்கேனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இன்ன ஊரில் ஒருவர் இலை அரைத்துக் கொடுக்கிறார் என்று சொல்வார்கள். அந்த அம்மாவிடமும் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து இடுப்பு எலும்பு வலியோடு வந்தால் மருத்துவரால் செய்ய முடிவது குறைந்துபோயிருக்கும். ஆகவே, இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளரே, மருந்து வரவில்லை என்று சொன்னால், அடுத்த பெட்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்டுத் தேதி எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்கேன் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் தகவல் சொல்லுங்கள். தாமதிக்கலாமா, சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ வேறு வழியோ இருக்கிறதா என்று அவர் தீர்மானிப்பார். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பணியாளர் மீது கோபப்பட வேண்டாம். ஒரே காலையில் இருபது பேரிடம் இல்லை என்று சொல்லும் வேலை அவருக்கு.

இரண்டாவது தடவை போவதுதான் கடினம் என்றேன். அங்கேதான் பங்குக்கு வேலை இருக்கிறது. மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வாசலில் கூட்டம். அவர்கள் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூரையைப் பிரித்தது அவர்களுடைய இரண்டாவது முயற்சி. அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்துத்தான் இயேசு அந்த மனிதரிடம் பேசுகிறார்.

ராசிபுரத்து அம்மாவுக்கு அவர்களுடைய அன்பியத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மகனுடைய வண்டியைக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பில் ஓரிடத்தில் பரவியிருந்தது. அதற்கான சிகிச்சை இப்போது நடக்கிறது; தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் இருக்கிறார், ஞாயிறு பூசைக்கு வருகிறார். அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். புற்றுநோயாளரின் பாதுகாவலரான புனித பெரெக்ரினிடமும் கேளுங்கள். காலை வெட்டி எடுக்க நாள் குறித்த பிறகு, முந்தின இரவு சிலுவை முன்னால் விழித்திருந்து வேண்டி நலம் பெற்றவர் அவர்.

ஒவ்வொரு அன்பியமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். அன்பியத்தில் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கிறவர்கள் யார், எந்த ஊர் மருத்துவமனை, அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்று அவர்களுடைய சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் எப்போதும் எடுக்கக்கூடிய இரண்டாவது போன் எண்ணாகப் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கூப்பிட்டால் வண்டி எடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயர் அதே பக்கத்தில் இருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் அந்த இரண்டாவது பயணத்துக்கான செலவை மட்டும் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று யோசிக்கட்டும். நோயாளர் நம் பங்கைச் சேர்ந்தவரா, வேறு சமயத்தவரா என்று பார்க்க வேண்டாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்களைக் கோவில் முற்றத்தில் பார்க்கலாம்.